சிவப்புக்கு அடியில்

விமானக் கதவின் பூட்டில் இருக்கும் உருளை என் சுண்டுவிரல் நுனி அளவுதான். அது தேய்ந்துபோனால் கதவு சரியாகக் கவ்வாது. தேய்ந்ததைக் கழற்றிக் கழிவில் போடும்முன் அதன் உள்பள்ளத்தில் என் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பேன். எந்த விதியிலும் இல்லாத பழக்கம் அது. எனக்கு யார்மேலும் நம்பிக்கை குறைவு.

போன மாதம் கழற்றியதற்குச் சிவப்பு வைத்தேன். இன்று ஸ்டோரிலிருந்து, சீல் பிரிக்காத உறையில் வந்த புது உருளையின் பள்ளத்தில் அதே சிவப்பு இருந்தது.

ஸ்டோர் பொறுப்பாளர் கஜபதியின் மேசைமேல் அதை வைத்தேன்.

“இது நான் கழிச்சுப் போட்டது. பாலிஷ் பண்ணி எனக்கே திருப்பித் தர்றீங்களா?”

“பேப்பர்ல புதுசுன்னுதாம்மா இருக்கு. மாட்டிட்டுக் கையெழுத்துப் போடுங்க. ஜனங்க ஏறக் காத்துட்டிருக்காங்க.”

“ஆகாசத்துல பேப்பரா கதவைப் பிடிச்சுக்கும்?”

அவர் பேனாவை நீட்டினார். அவர் கண்ணுக்கு நேராகவே சிவப்பை நகத்தால் சுரண்டினேன். அடியில் மங்கலாகப் பச்சை தெரிந்தது.

“பச்சை யார் வெச்சது?” என்றார்.

என் தங்கை கல்யாணத்துக்கு, புடவைக்குத் தோதாக நான் வாங்கிய பச்சை. போன மாதம் மேலே சிவப்பு வைத்தபோது கிரீஸ் கறையில் அது கண்ணில் படவில்லை. போன வருடம் நான் கழித்ததை, பிறகொரு நாள், சீலை நம்பி உள்ளே பார்க்காமல், புதுசென்று நானே மாட்டிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

“நான் கையெழுத்துப் போட்ட விமானம் அத்தனையும் தரையில நிக்கணும்” என்றேன்.

கூரைக்கு மேலே ஒன்று ஏறிப் போய்க்கொண்டிருந்தது.