காற்று அடித்த ஞாயிறுகள்

பாலம் திறந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஐவின்ட் தன் வீட்டிலிருந்து கிளம்பிப் பதினொரு நிமிடத்தில் அப்பாவின் கதவைத் தட்டினான்.

வழியெல்லாம் அவனை உறுத்தியது அந்தப் பதினொரு நிமிடம்தான்.

மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் ஃபியோர்டுக்கு இந்தக் கரையில் உள்ள முதியோர் குடியிருப்புக்கு அப்பா வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் இங்கே கால் வைப்பது இதுதான் முதல் தடவை. கிறிஸ்துமஸ் வந்தால் அந்த எண்பத்திரண்டு வயது மனிதர் தாமே, கார்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரியில் ஏறி அக்கரைக்கு வந்துவிடுவார்.

இரண்டு பேருக்கும் பகை ஒன்றும் கிடையாது. அம்மா போன பிறகு அவரோடு உட்கார்ந்து என்ன பேசுவது என்று ஐவின்டுக்குத் தெரியவில்லை. வெட்கக்கேடுதான். ஆனால் விஷயம் அவ்வளவுதான்.

அப்பா இங்கே குடிவந்த முதல் ஞாயிறு நிஜமாகவே புயல். ஃபெர்ரி ஓடவில்லை.

இரண்டாம் ஞாயிறு ஃபெர்ரி ஓடியது. ஐவின்ட் சோபாவில் படுத்தபடியே போன் போட்டு, "காத்து பயங்கரமா இருக்குப்பா, ஃபெர்ரிய நிறுத்திட்டாங்க" என்றான்.

"அப்படியாடா? சரி, நீ கஷ்டப்பட்டு வராதே. பத்திரமா இரு."

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் காற்று. மறுவாரம் எஞ்சின் கோளாறு. அதற்கு மறுவாரம், மலையடிவாரம் வரைக்கும் கார் வரிசை. அப்பா ஒரு நாளும் மறு கேள்வி கேட்டதில்லை. வயசாகிவிட்டது, எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறார் என்று மகன் நினைத்துக்கொண்டான்.

நேற்று பேண்டு வாத்தியத்தோடு பாலத்தைத் திறந்தார்கள். ஃபெர்ரிக்கு அதுவே கடைசி நாள். ஊரே கொடி பிடித்துக்கொண்டு பாலத்தின் மேல் நடந்தது. ஐவின்ட் மட்டும், நாளைக்கு என்ன சொல்வது என்ற கவலையோடு நடந்தான்.

ஒன்றும் தோன்றவில்லை. அதனால்தான் இன்றைக்கு வந்திருக்கிறான்.

கதவைத் திறந்த அப்பாவின் முகத்தில் அத்தனை சந்தோஷம். காபி வைக்கிறேன் என்று உள்ளே ஓடினார். ஐவின்ட் ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பார்த்தான்.

நேர் கீழே ஃபெர்ரித்துறை.

அங்கே நிற்கும் காரின் நம்பரைக்கூட இங்கிருந்து வாசித்துவிடலாம். அவ்வளவு பக்கம்.

நேற்று வரைக்கும் அரை மணிக்கு ஒரு தரம் ஃபெர்ரி இங்கேதான் வந்து வாயைத் திறந்து கார்களை இறக்கியிருக்கிறது. அவன் போனில் காற்று, எஞ்சின் என்று அளந்துகொண்டிருந்த நேரத்திலும் இறக்கியிருக்கிறது. அப்பா இந்த நாற்காலியில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டேதான் "பத்திரமா இரு" என்று சொல்லியிருக்கிறார்.

ஐவின்டுக்குக் காது மடல் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்பா காபியையும், பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிளையும் கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்கார்ந்து, இரண்டு கோபுரங்களிலிருந்து விசிறியாக இறங்கும் வடங்களையும் அவை தாங்கும் பாலத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலில் கேலி இல்லை, குத்தல் இல்லை. கவலைதான் இருந்தது.

"பாலம் ரொம்ப உயரம்டா. காத்து பலமா அடிச்சா அதையும் மூடிடுவாங்களாம், பேப்பர்ல போட்டிருந்தான். அந்த மாதிரி நாள்ல நீ வர வேணாம். போன் போடுறத மட்டும் நிறுத்திடாதே."