இன்னொருத்தி

காப்பி டம்ளரை நீட்டியபடி ரோஸ்லின் அன்று காலையும் கேட்டாள். “என்னங்க, அவ வந்தாளா?”

ஜெயசீலன் மனைவியை உற்றுப் பார்த்தார். “வரலை.”

“மறைக்காம சொல்லுங்க. அவ மறுபடி வந்தா நான் தாங்கமாட்டேன்.”

“பயம் நக்கோ, பயமே வேணாம் ரோஸி. இந்தப் போலாரம் வீட்டை விட்டு அவ போய் ரெண்டு வருஷமாச்சு. ஆனாலும் நல்லவ. உன்னை மாதிரி வாயாட மாட்டா.”

ரோஸ்லின் சிரித்துவிட்டாள். மண்டையோட்டின் அடியில் வளர்ந்த கட்டி நரம்பை அழுத்தியதில், இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அவர் கண்ணுக்கு இரண்டு ரோஸ்லின்கள் தெரிந்தார்கள். டம்ளரை வாங்க அவர் எப்போதும் மற்றவளிடமே கை நீட்டுவார். மாதாப்பூரில் வேலை பார்க்கும் மகன் அமெரிக்காவுக்கு அழைத்துப்போய்ப் புரோட்டான் சிகிச்சை கொடுத்த பிறகுதான் அவள் மறைந்தாள்.

அன்றும் அவர் கை தடுமாறாமல் டம்ளரைப் பிடித்தது. அதற்குப் பிறகே ரோஸ்லின் தன் பிடியை விட்டாள்.