மேசை மேல் ஹெலிகாப்டர்

“இந்தப் பந்தை அமுக்கி நான் என்ன கோட்டையா பிடிக்கப் போறேன்?” என்று அந்த அம்மாள் ரப்பர் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண் குனிந்து அதை எடுத்தாள். அந்த வாரத்தில் இது நான்காவது முறை. அம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கால் ஓரளவு தேறிவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் மரத்துப்போய்க் கிடந்தன. இன்னும் மூன்று நான்கு மாதத்துக்குள் அவற்றுக்கு வேலை கொடுத்துப் பழக்காவிட்டால் அப்புறம் கஷ்டம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். பிசியோவும் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். அம்மாள் மசியவில்லை. அறுபத்திரண்டு வயதாகிவிட்டது, இனிமேல் கை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்ற விட்டேற்றிப் பேச்சுதான்.

வீட்டுக்காரராவது எடுத்துச் சொல்லலாம். அவருக்கு எங்கே நேரம்? கடையை மத்தியானமே மூடிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசை முழுக்கப் பழைய பேப்பரை விரித்து, பிளாஸ்டிக் ஹெலிகாப்டர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். பெட்டியில் இருநூற்றுச் சொச்சம் துண்டுகள். சில துண்டுகள் அரிசி அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றையும் அது ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பசை தடவி ஒட்ட வேண்டும். இதில், நிஜ ஹெலிகாப்டரில் எத்தனை பேர் உட்காரலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்கம் வேறு.

வேலையையாவது உருப்படியாகச் செய்தாரா என்றால் அதுவும் இல்லை. கதவைத் தலைகீழாக ஒட்டினார். சக்கரத்தைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

“ஏம்மா, கொஞ்சம் வந்து இதைப் பிடியேன். என் கையில நிக்க மாட்டேங்குது.”

அம்மாள் காலை இழுத்து இழுத்து வருவார். வரும்போதே அர்ச்சனை ஆரம்பமாகிவிடும். இந்த வயதில் என்ன பொம்மை விளையாட்டு, ஒரு துண்டை ஒழுங்காக ஒட்டத் துப்பில்லை, இதற்கு ஒரு துணை ஆள் வேறு வேண்டுமா. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த துண்டை நீட்டுவார்.

பார்க்கிற பிசியோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டே விட்டாள்.

“சார், அவங்க பேஷன்ட். நீங்கதான் அவங்களைப் பார்த்துக்கணும். நீங்க என்னன்னா அவங்களை எடுபிடியா வெச்சிருக்கீங்க.”

அவர் தலையைச் சொறிந்தார். “என்ன மேடம் பண்றது? கை நடுங்குது. தனியா முடியல.”

சொல்லும்போதே அவர் இடுக்கியில் பிடித்திருந்த துண்டு ஆடி நழுவிப் பசைக்குள் விழுந்தது. பிசியோவின் கோபம் பாதியாகக் குறைந்தது. பாவம், அவருக்கும் வயதாகிவிட்டது என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

மூன்று மாதம் ஓடியது. அம்மாளின் விரல்கள் முதலில் லேசாக மடங்கின. பிறகு கரண்டி பிடித்தன, பேனா பிடித்தன. தன்னுடைய பயிற்சிதான் வேலை செய்கிறது என்று பிசியோ உள்ளூரப் பூரித்துப்போனாள்.

கடைசி நாள் அவள் வந்தபோது, அம்மாள் கண்ணாடி முன் உட்கார்ந்து இரண்டு கையாலும் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டிருந்தார். பிசியோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஹாலைத் தாண்டி வரும்போது பார்த்த காட்சி அவள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஹெலிகாப்டரின் வால் பக்கத்து விசிறிக்குச் சாயம் பூச உட்கார்ந்த வீட்டுக்காரர் இரண்டு தரம் தூரிகையைத் தவறவிட்டிருந்தார். அவள் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்க கை தேறிடுச்சும்மா. இனி சாரோட கையைத்தான் பார்க்கணும். மூணு மாசமா கவனிக்கிறேன், நடுக்கம் கூடிக்கிட்டே போகுது. நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. அலட்சியமா இருந்துடாதீங்க.”

அம்மாள் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய், அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

“அவர் என்ன தொழில் பண்றாருன்னு நீங்க கேட்டதே இல்லையே,” என்றார். “வாட்ச் ரிப்பேர். பொம்பளைங்க கட்டுற குட்டி வாட்ச்சுக்குள்ள முடி மாதிரி ஒரு சுருள் இருக்கும். நாப்பது வருஷமா அதைக் கை ஆடாம மாட்டுறவரு. இன்னைக்குக் காலையில கூட கடையில மூணு மாட்டிட்டுத்தான் வந்தாரு.”

பிசியோ சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“என் இடது கையில எதையாவது திணிச்சுடுவாரு. அப்புறம் அந்தக் குட்டித் துண்டை வலது கையாலதானே பிடிச்சாகணும்? பந்தை அமுக்கத்தான் எனக்கு மனசு வரல. இந்த மனுஷன் படுற பாட்டைப் பார்த்தா கையை நீட்டாம இருக்க முடியல.”

“அப்போ அவர் நடிக்கிறாருன்னு உங்களுக்கு முதல்லயே தெரியுமா?”

“மொத நாளே தெரியும்,” என்று அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதனாலதான் இத்தனை மாசமும் விடாம திட்டினேன். திட்டாம விட்டிருந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவர் கண்டுபிடிச்சிருப்பாரு.”