மாறுவேஷ அழைப்பு

“மாறுவேஷம் வந்தாச்சு!” என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் வாயை மட்டும் அசைத்துக் காட்டினாள் கிளிப்பிள்ளை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.

மியூச்சுவல் ஃபண்டு கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அது. பணம் போட்டவர்கள் பதறியடித்துக்கொண்டு கூப்பிட்டால், கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் பதிலைப் படித்துச் சமாதானம் சொல்ல வேண்டும். எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பதால் தனக்குக் கிளிப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டவள் அவளேதான். மற்றவர்கள் இதைவிட மோசமாக ஏதாவது வைப்பதற்குள் முந்திக்கொண்டாளாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களை நிரந்தரமாக்கும் முன்பு, தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது ஒரு பெரிய ஆள் வாடிக்கையாளர் மாதிரி பேசிச் சோதித்துப் பார்ப்பார். அதற்குத்தான் அந்த அலுவலகத்தில் மாறுவேஷம் என்று பெயர். போன தடவை வந்த மாறுவேஷம், “ஃபண்டுன்னா என்னம்மா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டதில், “உங்களுக்கெல்லாம் எதுக்கு சார் இந்த வேலை?” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அப்பாவுக்கு வேலை போன பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் குரலில் தேனைத் தடவிக்கொண்டாள்.

“வணக்கம் சார், சொல்லுங்க சார்.”

“ஒண்ணுமில்லம்மா... மார்க்கெட் இப்படி விழுதே, இன்னும் விழுமா?”

அவளுக்குச் சந்தேகமே இல்லை. நிஜ வாடிக்கையாளர் என்றால் முதலில் கம்பெனியைத் திட்டுவார், அப்புறம் அவளைத் திட்டுவார், மூச்சு வாங்கும்போதுதான் கேள்வி வரும். இப்படி ஆரம்பத்திலேயே பணிவாகக் கேட்பது மாறுவேஷமேதான்.

“ஏற்ற இறக்கம் சகஜம் சார். நாளைக்கு என்ன ஆகும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. நீங்க நீண்ட கால நோக்குல பாக்கணும்.”

“நீண்ட காலம்னா எவ்ளோ காலம்மா?”

படித்தாள். மார்க்கெட் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்றார். அதையும் படித்தாள். இப்போது வெளியே வந்துவிட்டு அப்புறம் சேர்ந்துகொள்ளலாமா என்றார். அதற்கும் திரையில் பதில் இருந்தது. ஊருக்கே முதலீட்டு உபதேசம் செய்யும் அவளிடம் எந்த ஃபண்டிலும் ஒரு யூனிட்கூடக் கிடையாது. அவளுடைய மொத்த முதலீடும் கைப்பையின் கிழிந்த உள்பையில் சில்லறையாகக் கிடந்தது.

“நம்ம ஃபண்டுல எவ்ளோ சார் வச்சிருக்கீங்க?”

“மொத்தமும் என்கிட்டதாம்மா இருக்கு.”

“மொத்தத்தையும் ஒரே இடத்துலயா? பிரிச்சுப் பிரிச்சு வைக்கணும் சார்” என்று செல்லமாகக் கடிந்துகொண்டாள். கையிலிருப்பதையெல்லாம் கொண்டுவந்து கொட்டிய அப்பாவி வேஷம் போலிருக்கிறது. மனுஷர் பிரமாதமாக நடிக்கிறார்.

“இந்த விலைக்கு வித்தா நஷ்டம். விக்காம வச்சிருந்து, இன்னும் விழுந்துட்டா? தூக்கமே வரலம்மா எனக்கு.”

குரல் நடுங்கியது. நடிப்பென்று தெரிந்தும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“பயப்படாதீங்க சார். எனக்கும்தான் தினம் பயமா இருக்கு, எப்ப வேலை போகுமோன்னு. பயத்துல முடிவெடுத்தா எல்லாம் தப்பாதான் போகும். முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க.”

மறுமுனையில் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. தண்ணீரைக்கூட நிஜமாகக் குடிக்கிறாரே என்று வியந்தபடி, அவள் கடைசித் துருப்புச்சீட்டை எடுத்தாள். எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரும் இதற்கு அடங்கிவிடுவார்.

“நீங்க ஏன் சார் மண்டையை உடைச்சுக்கறீங்க? உங்க பணத்தைப் பாத்துக்கத்தானே ஃபண்டு மேனேஜர்னு ஒருத்தர் இருக்கார்? பழுத்த அனுபவசாலி சார். எதை வாங்கணும், எப்ப விக்கணும்னு அவருக்கு அத்துப்படி.”

நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

“அவருக்குத் தெரியலைன்னா?”

“அவருக்கே தெரியலைன்னா வேற யாருக்கு சார் தெரியும்?”

“அதைத்தாம்மா நானும் கேக்கறேன். அந்த மேனேஜர் நான்தான்.”

கிளிப்பிள்ளை துள்ளி எழுந்ததில் ஹெட்போன் வயர் இழுபட்டு, மேஜையிலிருந்த பேனாக்கள் எல்லாம் உருண்டன. ஒரு சாதாரண கிளிப்பிள்ளையைச் சோதிக்க ஃபண்டு மேனேஜரே வந்திருக்கிறார்! அப்பாவிடம் இதை எப்படிச் சொல்லலாம் என்றுகூட மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

“சார், நீங்களேவா! பேச ஆரம்பிச்சதுமே மாறுவேஷம்னு கண்டுபிடிச்சுட்டேன் சார். இப்ப சொல்லுங்க, நான் பாஸா?”

“பாஸா? என்னம்மா உளர்றே? இங்க எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க, நான் யாரைப் போய்க் கேக்கறது?”

அவள் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுமுனைக் குரல் இன்னும் தழைந்தது.

“மார்க்கெட் மூடப் போறாங்கம்மா... விக்கட்டுமா, வேணாமா?”