பட்டியலில் இல்லாத பெயர்

"நீதான்ரா வெட்டினது! வேற ஆர்? உன்ர பேர் வந்திருக்கு, என்ர பேர் மட்டும் எங்க போனது?"

"தாட்சா, கத்தாத. றோட்டால போற சனமெல்லாம் பாக்குது."

"பாக்கட்டும். கள்ளனை நல்லாப் பாக்கட்டும்!"

வேலிப் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற சுஜிதனின் முகம் கறுத்துப்போனது.

இரண்டு பேரும் விவசாய பீடத்தில் ஒரே வகுப்பு. நாலு வருசமாக ஜெயபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய் வந்தவர்கள். கொழும்பில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையம், வயல்களுக்குள் கடலுப்பு ஏறுவதை ஆராய இரண்டு பேரைத் தேடியது. இரண்டு வருச வேலை. மாதச் சம்பளம், கூடவே மேற்படிப்பும். பீடத்துக்கே வந்து நேர்முகம் நடத்திவிட்டுப் போனார்கள். பட்டியல் இன்று காலைதான் வந்தது. அதில் சுஜிதன் இருந்தான். வகுப்பில் முதலாவதாக வந்த தாட்சாயினி இல்லை.

"அந்த விளம்பரத்தைக் கண்டுபிடிச்சதே நான். மூண்டு மாதமா இணையத்தில தேடித் தேடிக் கண் போனது. பாவமெண்டு உனக்கும் அனுப்பினன். நீ எழுதின இங்கிலீசைத் திருத்தித் தந்ததும் நான்."

"ஓம். இல்லையெண்டு சொன்னனானோ?"

"அப்ப நேர்முகத்தில என்னைப் பற்றி என்னத்தை ஓதினனி?"

"நான் ஏன் ஓதவேணும்? உன்ர வாய்க்கே பயந்திருப்பினம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். அவளுடைய கண் நிறைந்திருப்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

கொட்டிலடியில் தண்ணீர் இறைக்கும் மிசினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா கணபதி, அப்போதுதான் நிமிர்ந்தார்.

"கொழும்போ பிள்ளை? எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

"கிடைச்சாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான் அப்பா. முதலே சொல்லியிருந்தால் விட்டிருப்பியளோ?"

திறந்திருந்த கதவுக்குள்ளால் சுவரில் கிருசாந்தனின் படம் தெரிந்தது. தாட்சாயினியின் அண்ணன். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது காணாமல் போனவன். படத்துக்கு இன்னும் யாரும் மாலை போடவில்லை.

கணபதி திரும்பவும் குனிந்து மிசினைத் துடைக்கத் தொடங்கினார்.

"எடுபட்டவைக்கு முதல்ல போனில கோல் எடுத்துக் கேப்பினமாம், பிறகுதான் கடிதமாம்," என்றான் சுஜிதன். "எனக்குப் போன கிழமை எடுத்தவை. உனக்கு வரேல்லையோ?"

"வந்திருந்தால் இப்ப ஏன் உன்னோட நிண்டு கத்திறன்? என்ர போன் உடைஞ்சு கிடந்ததால அப்பாவின்ர நம்பரைக் குடுத்தனான். ஒவ்வொரு பின்னேரமும் அப்பாவின்ர போனை எடுத்துப் பாத்தனான். ஒரு மிஸ்ட் கோல்கூட இல்லை."

"சரி. என்னைக் கள்ளனெண்டு சொல்லிப்போட்டாய். நீயே கேள்."

சுஜிதன் நிலையத்துக்குக் கோல் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினான். விசயத்தைச் சொன்னதும், மறுபக்கத்தில் ஓர் ஆண்குரல் கொச்சைத் தமிழில் பேசியது.

"தாட்சாயினி மிஸ்தானே? அவங்க பேர்தான் முதலாவது இருந்தது."

கணபதியின் கையிலிருந்த துணி நின்றது.

"முதலாவதோ? அப்ப ஏன் கோல் எடுக்கேல்லை சேர்?" தாட்சாயினி போனுக்குக் கிட்டே வந்து கேட்டாள்.

"நான் கோல் பண்ணியது மிஸ். ரெண்டு நாள் பண்ணியது. ரெண்டு நாளும் ஒரு ஐயா பேசினது. 'அப்பிடி ஒரு பிள்ளை இங்க இல்லை' சொன்னது. 'இருந்ததே இல்லை' சொன்னது. பிறகு அடுத்த ஆளுக்கு இடம் குடுத்தது. இப்ப மாத்த ஏலாது. மன்னிக்கணும் மிஸ்."

போன் வைக்கப்பட்டது. சுஜிதன் நிலத்தைப் பார்த்தான். தாட்சாயினி மெல்ல அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா... நீங்களோ?"

அவர் துணியை மிசினுக்கு மேல் வைத்தார்.

"நான் கொழும்புக்குப் போறது பிடிக்காட்டி என்னட்டச் சொல்லியிருக்கலாமே! நாலு வருசம் படிச்சனான் அப்பா. பெத்த பிள்ளையை இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி வாய் வந்தது?"

"தாட்சா, விடு," என்றான் சுஜிதன்.

"நீ சும்மா இரு!"

கணபதி எண்ணெய்க் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கொழும்பு, வேலை, ஒண்டும் எனக்குத் தெரியாது பிள்ளை. கோல் வரேக்க வயலுக்க நிண்டனான். சிங்களத்தில துவங்கினது. எனக்கு விளங்கினது உன்ர முழுப்பேர் மட்டுந்தான். பிறகு அரைகுறைத் தமிழில, இருக்கிறாவோ எண்டு கேட்டது. நல்ல மரியாதையாத்தான் கேட்டது."

"அப்ப ஏன் அப்பா?"

அவர் கதவுக்குள்ளால் படத்தைப் பார்த்தார்.

"அம்மாவுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை. சண்டை முடிஞ்சு செட்டிகுளம் முகாமில இருக்கேக்க, எங்கட கூடாரத்துக்கு வந்தவங்களும் இப்பிடித்தான், நல்ல மரியாதையா, அண்ணன்ர முழுப்பேரைச் சொல்லி, இருக்கிறாரோ எண்டு கேட்டவங்கள். அண்டைக்கு நான், 'ஓம், உள்ளதான் இருக்கிறான்' எண்டு சொன்னனான் பிள்ளை."

உப்பேறிய வயலைப் பற்றிப் படித்த ஒரு பிள்ளைக்கு எங்கேயாவது ஓர் ஆராய்ச்சி இடம் இருப்பது தெரிந்தால், இதை வாசிக்கிற நீங்கள் தயவுசெய்து இந்தக் கதைக்குக் கீழே எழுதுங்கள். கோல் மட்டும் எடுக்காதேங்கோ.