பிடிங்க சாமி

"அதுக்கில்ல சாமி. உங்க முட்டிய நெனச்சுத்தான் சொல்றேன். பேசாம இந்த வருசம் அம்பயரா நில்லுங்க."

தவசி கபடி டீமின் கேப்டன். எதிரில் மாலை போட்டு நின்றவனைவிட எட்டு வயது இளையவன். சொல்லிக்கொண்டே விசிலை நீட்டினான்.

அவன் வாங்கவில்லை.

கறுப்பு வேட்டியை அவிழ்த்து மடித்துக் கல்லின்மேல் வைத்தான். உள்ளே கறுப்பு டவுசர். துளசி மாலையைப் பனியனுக்குள் விட்டுக்கொண்டான்.

"ஒரு ரைடு போறேன் சாமி. பாத்துட்டுச் சொல்லுங்க."

மாலை போட்டதிலிருந்து ஊருக்கே அவன் சாமி. அவனுக்கும் எல்லாரும் சாமி, கட்டிய மனைவி உட்பட. செருப்பு கூடாது. சவரம் கூடாது. கோபம் கூடவே கூடாது.

தாடி வளர்ந்தபோதுதான் தெரிந்தது.

"விபூதி ஒட்டியிருக்கு சாமி, தொடைங்க," என்றாள் மனைவி கோகிலவாணி.

துடைத்தான். போகவில்லை. நரை.

வயது முப்பத்திரண்டு. டைல்ஸ் ஒட்டும் வேலை. யார் யார் வீட்டுத் தரையிலோ குத்த வைத்து உட்கார்ந்து முட்டி தேய்ந்துவிட்டது. எழுந்தால் சத்தம் போடும். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்து வைப்பான்.

மாலை போட்ட அன்று மற்றவர்கள் பிள்ளை கேட்டார்கள். வேலை கேட்டார்கள்.

அவன் கேட்டது, இன்னும் ஒரு வருடம் களத்தில் நிற்க வேண்டும்.

கபடி பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினான்.

முட்டி வலிக்கவில்லை.

கையை வீசினான். ஓரத்தில் நின்றவன் பட்டான். உடம்பைத் திருப்பினான். யாரும் எட்டவில்லை. நிதானமாகக் கோட்டுக்கு வந்து சேர்ந்தான்.

மறுபடி போனான். இரண்டு பேர் பட்டார்கள்.

மூச்சு இருந்தது. கால் இருந்தது. மேற்கே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"போதும் சாமி. நீங்க டீம்ல இருக்கீங்க," என்றான் தவசி.

ஒன்றாம் தேதி போட்டி. ஏழு பேரில் அவனும் ஒருவன்.

களத்தின் ஓரத்தில் கோகிலவாணி ஸ்கூட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். போகும் வழியில் அவளை ஜவுளிக்கடையில் விட்டுவிட்டு அவன் வேலைக்குப் போக வேண்டும். வேர்வை சொட்டச் சொட்ட அவள் முன்னால் போய் நின்றான்.

"பாத்தீங்களா சாமி?"

"பாத்தேன் பாத்தேன். கோயில் யானைக்கு வழி விட்ட மாதிரில்ல விட்டானுங்க."

சிரிக்கத்தான் சொன்னாள்.

அவன் சிரிக்கவில்லை.

திரும்பிக் களத்தைப் பார்த்தான். சற்றுமுன் நடந்ததெல்லாம் இப்போதுதான் கண்ணுக்கு வந்தது. கணுக்காலைக் கவ்வினால் விடாத மொக்கராசு, கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஓரத்தில் நின்றவன் விலகத் தெரியாமல் படவில்லை. தோளைக் கொண்டுவந்து கொடுத்தான். பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அவன் தவசியிடம் போனான்.

"வேணும்னே விட்டானுங்களா சாமி?"

"மாலை போட்ட ஆள எவன் சாமி கீழ தள்ளுவான்? அதான் சொல்றேன். வெளியூர்க்காரனும் கை வைக்க மாட்டான். மாலைய வெளிய எடுத்து விட்டே ஆடுங்க. கப்பு நமக்குத்தான்."

மலை அங்கேயே இருந்தது.

நான் கேட்டது இது இல்லை என்றான் அதைப் பார்த்து. வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோபம் வந்தது. விழுங்கினான். குரல் மட்டும் தாழ்ந்து வந்தது.

"இன்னொரு ரைடு வர்றேன் சாமிகளா. இந்தத் தடவ பிடிங்க."

ஒருவரும் அசையவில்லை.

"பாவம் சாமி அது," என்றான் மொக்கராசு.

"அந்தப் பாவத்த நான் தூக்கிக்கிட்டு மலையேறிக்கிறேன். நீங்க பிடிங்க சாமி."

பாடிக்கொண்டு போனான்.

உள்ளே, கடைசிக் கோடு வரைக்கும் போனான். யாரும் நெருங்கவில்லை. மொக்கராசுவின் எதிரில் நின்று வலது காலை நீட்டினான். மொக்கராசு காலைப் பார்த்தான். தவசியைப் பார்த்தான். கை முதுகிலேயே இருந்தது.

பாட்டை நிறுத்தினால் அவுட். பேச முடியாது.

மொக்கராசுவின் உச்சந்தலையில் பட்டென்று ஒரு தட்டு தட்டினான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அடுத்த நொடி கணுக்கால் அவனிடம் இல்லை, மொக்கராசுவின் கையில் இருந்தது.

முட்டி தரையில் மோதியது. இடுப்பில் ஒருவன் விழுந்தான். தொடையில் ஒருவன். பாடிக்கொண்டே இழுத்தான். முழங்கையை ஊன்றி இழுத்தான். மூன்று உடம்பும் அவனோடு நகர்ந்தன.

"அமுக்குங்கடா கெழவன!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. சாமி என்று ஒருவனும் சொல்லவில்லை.

கோட்டுக்கு ஒரு முழம் இருந்தது. இன்னும் இழுத்தான். ஒரு சாண். நான்காவது ஆள் முதுகில் வந்து விழுந்தான்.

மூச்சு மண்ணுக்குள் போய் முடிந்தது.

அவுட்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்த பிறகுதான் அவர்களுக்கு மாலை ஞாபகம் வந்தது. ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மொக்கராசு காலில் விழக் குனிந்தான். அவன் காலை இழுத்துக்கொண்டு தள்ளி வந்தான்.

முட்டி வீங்கத் தொடங்கியிருந்தது. தாடி முழுக்கச் செம்மண்.

நொண்டிக்கொண்டே தவசியின் முன்னால் போய் நின்றான். மூச்சு இன்னும் வந்து சேரவில்லை. கண் மட்டும் சின்னப் பையனுடையது போல மினுங்கியது.

"எண்ணிக்கிட்டீங்களா சாமி? நாலு பேர். என்னயப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்துச்சு. இப்பச் சொல்லுங்க, நான் ஆடலாமா, கூடாதா?"