எர்த் இல்லாத பிளக்

இளைய மருமகள் வானதி வேலைக்குப் போயிருந்தபோது, அவள் பிறந்த வீட்டிலிருந்து வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. அதை மாட்டிய எலக்ட்ரீஷியன் மூத்தவள் கோமளாவிடம், "பிளக்குல எர்த் இல்லக்கா, தொட்டா ஷாக் அடிக்கும். சரிபண்ற வரைக்கும் யாரும் போட வேணாம்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் மாமியார் மெஷினுக்குப் பொட்டு வைத்து, எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "என் சின்ன மருமக கொண்டாந்தது" என்று காட்டினார். பதினோரு வருடமாகக் கல்லில் துவைத்த கோமளாவுக்கு வயிறு எரிந்தது. எலக்ட்ரீஷியன் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வானதி சுவிட்சைப் போட்டாள். "அக்கா, முதல்ல உங்க புடவையக் குடுங்க" என்றபடி ஈரக் கையை மெஷினை நோக்கி நீட்டினாள்.

"தொடாத!" கோமளா பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். "எர்த் இல்லியாம். எலக்ட்ரீஷியன் சொன்னாரு."

வானதியின் கை அந்தரத்தில் நின்றது.

"எப்போக்கா சொன்னாரு?"

கோமளா சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.